கோமளா திரும்பி வந்தாளா?

கிள்ளான் நகரில் பவுனம்மாளிடம் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அந்த அம்மாளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். கேசட்டை ரீவைண்ட் செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுக்கூடப் பேசிச் சமாளிக்கலாம். ‘ஏழாம் எண் வீடு’ நாடகத்தின் முடிவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்த மாதிரிதான்.

அது எண்பதாம் ஆண்டு தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தி சாயும் நேரத்தில் வந்த பதின்மூன்று வாரத் தொடர். கோமளா என்றொரு பெண். அவளை ஆட்டிப் படைக்கும் கணவன். நடுவில் நாக்கு நீண்ட ஒரு நாத்தனார். கதை ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்த நேரத்தில் தமிழ் வீடுகள் இருந்த தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. கடைசி வாரத்தில் கோமளா பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வருவாள். வழக்கெல்லாம் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான்.

இரண்டு கடை தள்ளிப் புடவைக்கடை வைத்திருந்த நாச்சாள் ஆச்சி அந்த வழக்கில் எதிர்க்கட்சி.

“பவுனு, கேட் வரைக்கும் போவா, அழுவா, அப்புறம் திரும்பி வந்து கதவைத் தட்டுவா. எங்க வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம்.”

“நீங்க பாத்தது வேற நாடகமா இருக்கும் ஆச்சி. கோமளா போய்ட்டா லா. அழுதுகிட்டே போய்ட்டா. அதோட முடிஞ்சிருச்சு.”

“நாடகத்துலகூட எவளாச்சும் குடும்பத்தை விட்டுட்டுப் போவாளா?”

“போறவ போவா.”

கிள்ளானில் கேட்ட இடமெல்லாம் ஆச்சியின் கட்சிதான். மீன் கடைக்காரர், கோவில் குருக்களின் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை என்று அத்தனை பேரும் கோமளா திரும்பி வந்தாள் என்றே சொன்னார்கள். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் பவுனம்மாள் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவள் என ஆச்சி முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பாள். பவுனம்மாள் சிரிக்க மாட்டாள். அவள் வாதாடியது கோமளாவுக்காக இல்லை, தனக்காக. அது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

பவுனம்மாளின் புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான் என்று கிள்ளான் நம்பிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி “இந்த வருஷமாவது லீவு கெடைக்குமா?” என்று விசாரிப்பார்கள். “கஷ்டம்தான்” என்பாள் அவள். உண்மையில் ரெங்கசாமி சிங்கப்பூர் பக்கம் தலைவைத்துப் படுத்தவனே இல்லை. ஒரு மணி நேர பஸ் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், அவள் விட்டுவிட்டு வந்த அதே வீட்டில்தான் இருந்தான்.

அவன் தினமும் அடிக்க மாட்டான். குவாட்டர்ஸில் அதைத்தான் அவனுக்கு நற்சான்றாகச் சொல்வார்கள். குழந்தை இல்லை, அதற்கும் அவளைத்தான் கேட்டார்களே தவிர அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் வாய்விட்டு அழுவதற்கு வாரத்தில் ஒரு இடம் இருந்தது. சிக்னல்காரர் நாகையாவின் வீடு. அந்த வரிசையில் அங்கே மட்டும்தான் டிவி. நாகையாவின் மனைவி இராஜம்மா நல்ல மனுஷி, கூடத்தில் பாயை விரித்துப் போட்டு எல்லாப் பெண்களையும் உட்காரவைப்பாள். கோமளாவுக்காக அழுகிற சாக்கில் பவுனம்மாள் தனக்காகவும் கொஞ்சம் அழுதுகொள்வாள்.

கடைசி வெள்ளிக்கிழமை கோமளா கேட்டின்மேல் கையை வைத்து நின்று அழுதாள். பவுனம்மாள் முந்தானையில் முகத்தைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரை இருண்டிருந்தது. இராஜம்மா விளக்கேற்றப் போனாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆக, போய்விட்டாள் என்று பவுனம்மாள் நினைத்தாள். படித்தவர்கள் எழுதி, நாடு முழுக்கக் காட்டுகிறார்கள் என்றால் அது தப்பான காரியமாக இருக்க முடியாது என்றும் நினைத்தாள். அடுத்த வாரம் ரெங்கசாமி வேலைக்குப் போன பிறகு, ஒரு பையோடு கிள்ளானுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு வீடியோ கடையில் கேசட் துடைத்து அடுக்கும் வேலை கிடைத்தது. பிறகு கல்லாவில் உட்கார்ந்தாள், பிறகு கடையே அவளுடையதாயிற்று.

மனம் தளரும்போதெல்லாம் அவள் கோமளாவைத்தான் நினைத்துக்கொண்டாள். ‘அவள் போனாள், நானும் போனேன்.’ கிள்ளானே கூடிநின்று அவள் போகவில்லை என்றால் எப்படி விட்டுக்கொடுப்பது?

எண்பத்தொன்பதில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தத் தொடரை முழுசாகக் கேசட்டில் போட்டு விற்றால் என்ன? கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். வியாபாரம் ஒரு பக்கம். ஊர் வாயை அடைப்பது இன்னொரு பக்கம். நாடகத்தை எழுதிய தியாகராஜன் செராஸில் இருந்தார். “இன்னும் அதை ஞாபகம் வச்சிருக்காங்களா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சம்மதித்தார். தொலைக்காட்சி நிலையத்துக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கிவிட்டாள். ஆனால் அங்கே ஒளிநாடா இல்லை. பழையதின் மேலேயே புதியதைப் பதிவது அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

விசாரித்துக்கொண்டே போனதில் ஜெஞ்சாரோம் என்ற ஊரில் கார்த்திகேசு என்பவர் அகப்பட்டார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஊரில் யாரும் கேள்விப்படாத காலத்திலேயே வீடியோ பெட்டி வாங்கிப் பதின்மூன்று வாரத்தையும் பதிவு செய்து, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

“வெளிய குடுக்க ஏலாது பிள்ளை. வேணுமெண்டா இங்கயே இருந்து கொப்பி எடுங்கோ.”

கல்யாண வீடியோ எடுக்கும் ரமணியை ஏற்பாடு செய்துகொண்டு, இன்னொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் ஜெஞ்சாரோம் போனாள். ஒரு பெட்டியில் ஓட ஓட இன்னொன்றில் பதிய வேண்டும். நாடகம் எத்தனை நேரமோ அத்தனை நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதற்குள் கேசட்டுக்கான அட்டைப்பெட்டி அச்சாகிவிட்டது. ‘ஏழாம் எண் வீடு: முழுத் தொடர், ஒரு காட்சிகூட விடாமல்’ என்று அவளே சொல்லிக் கொட்டை எழுத்தில் போட வைத்திருந்தாள்.

கடைசிப் பாகம் ஓடியது. கோமளா கேட்டின்மேல் கையை வைத்து அழுதாள். பவுனம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இருங்கோ பிள்ளை, இன்னும் முடியேல்லை,” என்றார் கார்த்திகேசு.

திரை இருளவில்லை. கோமளா அழுதாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி நடந்துவந்து கதவைத் தட்டினாள். கணவன் திறந்தான். “பசிக்குது” என்றான். அவள் பையைக் கூடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பின்னணியில் புல்லாங்குழல். முற்றும்.

பவுனம்மாள் கைப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபம். இதற்காகவா ஒன்பது வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றேன் என்ற கோபம். பிறகு பயம் வந்தது. கோமளாவே திரும்பிவிட்டாள் என்றால் நான் யாரைப் பார்த்து வீட்டைவிட்டு வந்தேன்? திரும்பி வரும் வழியில் காரில் அவள் ரமணியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ரமணி, அந்தக் கேட் சீனோட நிறுத்திட்டா?”

“நிறுத்தலாம் அக்கா. முற்றும்னு அங்கயே போட்டுடலாம். அஞ்சு நிமிஷம் கொறையறதை யாரு கண்டுபிடிக்கப் போறா?” அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். “ஆனா பெட்டியில ஒரு காட்சிகூட விடாமன்னு போட்டுட்டீங்களே.”

“நாளைக்குச் சொல்றேன்,” என்றாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறினாள். கிள்ளானுக்கு வந்தபின் அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. ரெங்கசாமி கண்ணில் படக்கூடாதே என்று பின்வழியாகச் சுற்றி நாகையா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த இராஜம்மா அவளை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கோப்பி ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் எதையெதையோ பேசினார்கள். பிறகு பவுனம்மாள் கேட்டாள்.

“அக்கா, கோமளா நாடகத்துல கடைசி வாரம் டிவிய நீங்களா அடைச்சீங்க?”

இராஜம்மா நெற்றியைச் சுருக்கினாள். “ஆமா. அன்னைக்கு நாடகம் நேரத்துக்கு முடியாம இழுத்துக்கிட்டே போச்சு. வெள்ளிக்கெழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்துல ஒரு பொம்பள அழுற சத்தம் வீட்டுக்குள்ள கேக்கலாமா? அதான் அடைச்சிட்டு விளக்கேத்தப் போனேன். வந்து பாத்தா நீங்கல்லாம் எழுந்து போய்ட்டீங்க. ஏன்?”

பவுனம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கோமளா போய்விட்டாள் என்று நம்பியதை, அந்த நம்பிக்கையில் பையைத் தூக்கியதை, நேற்று ஜெஞ்சாரோமில் பார்த்ததை. சொல்லி முடிப்பதற்குள் இராஜம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, நான் டிவிய அடைச்சதுனாலயா நீ வீட்ட விட்டுப் போனே? மிச்சத்தையும் பாத்திருந்தா இருந்திருப்பேல? ஒரு குடும்பம் பிரிஞ்சதுக்கு நான்தான் காரணமா?” அந்த மனுஷி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“இல்லக்கா, அழாதீங்க,” என்றாள் பவுனம்மாள். சமாதானத்துக்காகத்தான் முதலில் சொன்னாள். ஆனால் இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமே. அதனால் அந்த நாளை மறுபடி நினைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் சரியாக நினைத்துப் பார்த்ததே கிடையாது. நினைக்கப்போகும் போதெல்லாம் கோமளா வந்து முன்னால் நின்றுகொள்வாள்.

“அக்கா, அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னேன். மொத பஸ் வந்துச்சு. ஏறல. கால் வரல. திரும்பிப் போயிரலாம்னு பையையும் தூக்கிட்டேன். அவரு வர்றதுக்குள்ள சோறாக்கி வச்சிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்பக் கோமளாவும் ஞாபகத்துல இல்ல, ஒருத்தரும் இல்ல. கையில வளையல் ஒடைஞ்சு கீறின எடம் எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, அதுதான் தெரிஞ்சுது. ரெண்டாவது பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.” அவள் இராஜம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். “நீங்க டிவிய அடைக்காம இருந்தாலும் ஏறியிருப்பேன்க்கா. என்ன, கொஞ்ச நாள் கழிச்சு ஏறியிருப்பேன்.”

இராஜம்மா அழுகையை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தாள். “நெசமாவா சொல்றே?”

“நெசமா.”

சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று பவுனம்மாளுக்கே தெரிந்தது. ஒன்பது வருஷமாகத் தன் தைரியத்துக்கெல்லாம் ஒரு நாடகக்காரிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தெருமுனையில் பொதுத் தொலைபேசியைப் பார்த்ததும் ரமணியைக் கூப்பிட்டாள். “ஒண்ணையும் வெட்டாதே. முழுசாப் போடு.”

தீபாவளிக்கு முன் கேசட்டுகள் கடைக்கு வந்தன. முதல் ஆளாக நாச்சாள் ஆச்சி வாங்கிப்போனாள். அவள் வீட்டில் இரண்டே நாளில் பதின்மூன்று பாகத்தையும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. மூன்றாம் நாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை.

“என்ன பவுனு, பாத்தியா? வந்துட்டாளா இல்லையா? இத்தனை வருஷமா என்னமோ நேர்ல நின்னு பாத்தவ மாதிரி சண்டை போட்டியே!”

“வந்துட்டா ஆச்சி. நீங்க சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன் லா,” என்றபடி பவுனம்மாள் கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று ஆச்சி எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்த இடத்தில் சண்டை இல்லாமல் போனால் யாருக்கும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். பேச்சை மாற்றினாள்.

“சரி விடு. இந்தத் தீபாவளிக்காவது சிங்கப்பூர்லேர்ந்து அவரு வர்றாரா?”

கஷ்டம்தான் என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பவுனம்மாள் அதை விழுங்கினாள். கையிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

“அவரு சிங்கப்பூர்ல இல்ல ஆச்சி. பிரிக்பீல்ட்ஸ்லதான் இருக்காரு. நானும் கோமளா மாதிரி ஒரு வீட்டு கேட்டைத் தொறந்துகிட்டு வந்தவதான். அவ திரும்பிப் போய்ட்டா. நான் போகல.”

ஆச்சி வாசலில் நின்று தன் கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் இரும்புக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு பவுனம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்லு பவுனு,” என்றாள். “மொதல்லேர்ந்து சொல்லு.”