பார்லர் அக்கா வளர்க்கும் புல்

வந்தவரின் தலையில் சாயம் ஊறத் தொடங்கியதும் பார்லர் அக்கா வாசலுக்குப் போய்விடுவாள். கையுறையைக்கூடக் கழற்றுவதில்லை. யாரையோ கொன்றுவிட்டு வந்தவளைப் போலக் கறுத்த விரல்களை விரித்துப் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு புல் கத்தைக்கும் அடுத்த கத்தைக்கும் நடுவில் கிடக்கும் வெறும் மண்ணை முறைப்பாள். நேற்று இருந்த அதே மண். முந்தாநாளும் அதே மண்தான்.

"ஏண்டி, நேத்து எங்க இருந்தியோ அங்கயே உக்காந்திருக்க? தள்ளி உக்காந்தா குறைஞ்சா போயிடுவ?" என்பாள் புல்லிடம்.

உள்ளேயிருந்து, பிளாஸ்டிக் உறை மாட்டிய தலையோடு டீச்சர் குரல் கொடுப்பார். "அக்கா, தலை எரியுது."

"எரிஞ்சாத்தான் பிடிக்கும். உக்காருங்க டீச்சர்."

வீட்டின் முன்னறைதான் பார்லர். இரண்டு கண்ணாடிகள், தலை கழுவ ஒரு தொட்டி, கீழே மட்டும் இறங்கும் ஒரு சுழல் நாற்காலி. வருகிறவர்கள் பாதி அவள் கைக்காக வருகிறார்கள், மீதி அவள் வாய்க்காக. கல்யாணப் பெண்ணின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "மூக்கை ஆண்டவன் கிட்ட விட்டுடுவோம், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று மாமியார் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பிறகு தன் தங்கையையும் இவளிடமே கூட்டி வந்தாள்.

காத்திருப்பது என்பது அவள் உடம்பிலேயே கிடையாது. டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீயைத் திட்டுவாள். குக்கர் தானாக ஆவி அடங்கும்வரை அதற்கு நிம்மதி தரமாட்டாள். டீவித் தொடரில் கதாநாயகி மயங்கி விழுந்தால், "நாலு வாரம் இழுப்பானுங்க. பிழைச்சுக்குவாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்பாள்.

இப்படிப்பட்டவள் உலகத்திலேயே சோம்பேறியான புல்லிடம் மனதைப் பறிகொடுத்தாள். விதி என்பது வேறென்ன.

காரணம் குதிகால். நாள் முழுக்க டைல்ஸ் தரையில் நின்று, ராத்திரி படுத்தால் இரண்டு பாதத்திலும் யாரோ ஆணி இறக்குவது போலிருக்கும். ஒருமுறை ஒரு பணக்கார வீட்டுக்கு மணப்பெண் அலங்காரத்துக்குப் போனவள், காற்று வாங்கத் தோட்டத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தாள். மெத்தையைத் தரையில் தைத்து வைத்தாற்போலிருந்ததாம். வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அந்தப் பொண்ணு முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. புல்லு கண்ணுலயே நிக்குது" என்று இன்றும் சொல்வாள்.

அது கொரியன் புல் என்று நர்சரிக்காரர் சொன்னார். தட்டுத் தட்டாகக் கொடுத்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி இடம் விட்டு நடச் சொன்னார். நடுவில் முளைக்கும் களையைப் பிடுங்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு கோடையாவது போகணும் மேடம்."

"ரெண்டு கோடைக்குள்ள ஒருத்திக்குக் கல்யாண மேக்கப், வளைகாப்பு மேக்கப் எல்லாம் போட்டு முடிச்சுடுவேனே."

"இது ஊர்ற புல்லு. ஓடுற புல்லு வேணும்னா வேற இருக்கு. அது உங்க அடுப்படி வரைக்கும் வந்து என்ன சமையல்னு கேக்கும்."

ஊர்வதையே வாங்கி வந்தாள். தலைக்குச் செல்லுபடியாவது தரைக்கும் செல்லும் என்று நம்பினாள். நுனி வெட்டினால் அடர்த்தி வரும் என்று கத்தரிக்கோலால் ஒவ்வொரு கத்தையாக வெட்டிவிட்டாள். அதுவரை சரி. அடுத்ததாக, தலை கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாயை நீட்டிப் புல்லில் விட்டாள். ஷாம்பூ, கண்டிஷனர், பிளீச், சாயம் எல்லாம் கலந்த அமுதம். கொஞ்ச நாள் அந்த மூலை பளபளவென்று நின்றது. ஒரு காலையில் மொத்தமாகச் சுருண்டு விழுந்தது. "புல்லுக்கும் கலரிங் பண்ணிட்டீங்களா அக்கா?" என்றார் டீச்சர். கண்ணில் ஷாம்பூ பட்டுவிட்டதென்று அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அன்று வந்தவர்கள் எல்லாரும் புருவம் திருத்த வந்தவர்கள்.

உயிரோடிருந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் பெயர்த்து, பாழான மூலையின் மண்ணை மாற்றி மறுபடி நட்டாள். கணவர் அந்த மூலைக்கு வழுக்கை என்று பெயர் வைத்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நண்பரிடமிருந்து ஒரு பழைய கார் வாங்கித் தெருவில் நிறுத்தியிருக்கிறார். தினமும் காக்கை எச்சத்தைத் துடைக்கும்போது அவர் முகத்தில் வரும் கனிவைக் கல்யாணமான நாளிலிருந்து இவள் பார்த்ததில்லை. அதனால் காருக்கு இவள் வைத்த பெயர், சின்ன வீடு. அதை உள்ளே கொண்டுவர வாசல் முழுக்கக் கல் பதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் சண்டை முற்றி, "குளிர்காலம் முடியறப்ப தரை மூடியிருக்கலேன்னா கல்லு பதிச்சுடுவேன்" என்றார். "தாராளமா" என்று வாயை விட்டாள். அவளுடைய வாய் அவளையே விழுங்கியது அந்த ஒருமுறைதான்.

குளிர் வந்தது. ஊர்வதும் நின்றுபோய்ப் புல் முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. குளிரில் அது தூங்கும் என்று நர்சரிக்காரர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் தூக்கத்தைச் சாவிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இழுத்துப் பார்க்கலாம். கையோடு வந்துவிட்டால்? அதற்கு அவளுக்குத் தைரியமில்லை. வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள், திட்டமாட்டாள். பார்லரே மௌன விரதம் பூண்டது.

ஒரு காலை, டீச்சருக்கு ஒரு புருவம் முடிந்து மறு புருவத்தில் நூலை வைக்கும்போது கேட்டருகே கல் இறங்கும் சத்தம் கேட்டது. நூலின் ஒரு முனை பல்லில் தொங்க வெளியே வந்தாள்.

"என்னங்க இது?"

"புல்லு செத்துப்போச்சு. கல்லு வந்திருக்கு."

"குளிர்காலம் இன்னும் முடியலையே."

"செத்ததுக்கு எதுக்குடி கெடு?"

கல் பதிக்க வந்தவர் இடையில் புகுந்து சமாதானம் சொன்னார். "விடுங்க அக்கா. தலைமுடி மாதிரிதான் இதுவும். போனா போனதுதான்."

நூல் வாயிலிருந்து கீழே விழுந்தது. "என் வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கே முடியைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க அண்ணே. செத்த முடி சீப்போட வரும். உசிரோட இருக்கிற முடியை இழுத்தா, இழுத்தவனுக்கு அறை விழும்." கணவர் பக்கம் திரும்பினாள். "இழுங்க. ஒரு கத்தை முழுசாக் கையோட வந்துட்டா நானே கல்லு எடுத்துத் தரேன்."

சொல்லிவிட்டாள். கீழே விழுந்த நூலை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள்.

கணவர் உட்கார்ந்து இரண்டு விரலால் இழுத்தார். காய்ந்த நுனிகள்தான் உதிர்ந்தன. ஒரு கையால் இழுத்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டி, கால்களை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார்.

"லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டா இப்படித்தான் இழுப்பீங்களா சார்?" ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் புதராகவும் டீச்சர் கதவருகே நின்றிருந்தார்.

அந்தக் கோபத்தில் மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. கணவர் மல்லாந்து விழுந்தார். கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கொடித் துண்டு. "வந்துடுச்சு, பாரு."

"கத்தை அங்கேயேதான் இருக்கு. அதோட வால்தான் வந்திருக்கு."

கல்காரர் அதை வாங்கி நகத்தால் கணுவைக் கீறினார். உள்ளே பச்சையாக இருந்தது. "சார், உசிரு இருக்கு. இது மேல கல்லு பதிச்சா இடுக்கு இடுக்கா எட்டிப் பாக்கும். அப்புறம் நீங்க என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவீங்க." துண்டைப் பார்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டு, இறக்கிய கற்களைத் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். கணவர் பின்புறத்து மண்ணைத் தட்டிக்கொண்டே, யாரும் கேட்காமலே, தெருவில் நின்ற காரைத் துடைக்கப் போனார்.

அவள் சிரிக்கவில்லை. மூக்கை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துண்டை எடுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போனாள். கார் என்றைக்காவது உள்ளே வருவதென்றால் இடது சக்கரம் ஏறியே தீரவேண்டிய இடத்தில் குத்தவைத்து, கொண்டையில் செருகியிருந்த வால் சீப்பை உருவி மண்ணைக் கீறி, அந்தத் துண்டைப் படுக்கவைத்து மூடி, கட்டைவிரலால் ஒருமுறைக்கு இருமுறை அழுத்திவிட்டாள்.