கட்டிப்போட வாங்கிய கணினி

சிரம்பான் கணினிக் கடையில் ரதி ஒரு மடிக்கணினியைக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் தர்மேந்திரன், பக்கத்து மேசையில் இருந்த ஆல்-இன்-ஒன் கணினியின் திரையில் விரலை வைத்து இழுத்தார். மத்தியானம் தின்ற மீன் குழம்பு அந்த விரலில் இன்னும் இருந்தது. பளபளத்த திரையில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. ரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கச்சி, இதப் பாரு. பெட்டி, ஸ்கிரீன் எல்லாம் ஒண்ணாவே இருக்கு. ஹால்ல வெச்சா எஸ்டேட்டே வந்து பாக்கும்லா."

"எனக்கு வேலைக்கு வேணும்ணே. ஊரு பாக்குறதுக்கு இல்ல."

ரதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. மலேசியாவில் மம்பாவ் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்றே இளமை போயிற்று. அங்கே ஆள் குறைத்தபோது வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் வடிவமைக்கப் பழகினாள். சிரம்பானில் அச்சகம் நடத்தும் தோழி அமால் அதைப் பார்த்துவிட்டு, "மேல்மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கிட்டு வந்துடு, தங்கி வேலை பாரு" என்று கூப்பிட்டிருந்தாள்.

அண்ணனிடம் சொன்னபோது, "பாப்போம்" என்றார். அவரைக் கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லாத ரதி, இன்று கடைக்கும் அவரையே கூட்டி வந்திருந்தாள்.

தர்மேந்திரனின் போன் அடித்தது. பிரிண்டர் அடுக்குக்குப் பின்னால் போய், மனைவி செல்லத்திடம் பேசினார். குரலைத் தாழ்த்தும் வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

"லேப்டாப்பா? அத வாங்க விட்டா தூக்கிக்கிட்டு அமால் கடைக்கே போயிடும். அப்புறம் உனக்கு யாரு ஆக்கிப் போடுறது? பெரிசா ஒண்ண வாங்கி ஹால்ல வெச்சிடலாம். அத விட்டுட்டு எங்க போவும்?"

திரும்பி வந்தவரின் முகமெல்லாம் கனிவு.

"சின்ன ஸ்கிரீன் உன் கண்ண கெடுத்துடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் ஆக்கிய சோறும் துவைத்த துணியும், அண்ணன் பாசம் என்று நம்பியிருந்த அத்தனையும், கழுவாத எச்சில் தட்டுகளாய்க் கண்முன் குவிந்தன. அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அருவருப்புத்தான் ஊர்ந்தது. அதில் பாதி அவர்மேல். இத்தனை காலமும் தலையாட்டிய தன்மேல் மீதி.

விற்பனையாளர் குணாளன் அருகில் வந்தார். "அக்கா, டிசைன் வேலைன்னா உண்மைய சொல்லிடுறேன். இந்தப் பெரிசுல பத்திரிகை முழுசும் ஒரே பார்வையில தெரியும், எழுத்தும் தெளிவா இருக்கும். ஆனா அங்க இங்க தூக்கிட்டுப் போக லாயக்கில்ல. எங்க உக்காந்து வேலை செய்யப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க."

ரதி மடிக்கணினியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"முடிவு பண்ணிட்டேன் தம்பி. பெரிசையே குடுங்க."

"அப்படி சொல்லு" என்று தர்மேந்திரன் அவள் தோளில் தட்டினார். தட்டிய இடம் பிசுபிசுத்தது.

"வீட்டுக்கு அனுப்பி மாட்டிக் குடுத்துடுவோம். எந்த இடம்?" என்று கேட்டார் குணாளன்.

தர்மேந்திரன் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"அங்க வேணாம். சிரம்பான்லயே அமால் அச்சகம், மேல்மாடி" என்றாள் ரதி. "இன்னைக்கே வந்து மாட்டிடுங்க. நானும் கூடவே வர்றேன். இனிமே அங்கதான் இருக்கப் போறேன்."

தர்மேந்திரனின் சிரிப்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "என்ன வெளையாட்டு இது? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்ணே. துணிமணிய நாளைக்கு வந்து எடுத்துக்குறேன்."

 அங்கே எங்கே படுப்பாய், ஒண்டியாக எப்படி இருப்பாய் என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்பார் என ரதியின் பைத்தியக்கார மனம் இன்னும் காத்திருந்தது. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவள் உடைந்து போயிருப்பாள்.

தர்மேந்திரன் பல் இடுக்கைக் குச்சியால் நோண்டியபடி கேட்டார்.

"அப்ப ராத்திரி சோத்துக்கு?"

ரதி அவர் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காமல் கல்லாவை நோக்கி நடந்தாள்.