எங்கள் வீட்டு ஐந்தெழுத்து

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஐந்தெழுத்து என்றால் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வரும். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன், பிழைப்பு அப்படி.

ராயபுரத்தில், ஏற்றுமதி இறக்குமதிக்குப் பத்திரங்கள் தயார் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உலகத்தில் சரக்குக் கப்பல் போகிற துறைமுகத்துக்கெல்லாம் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. முதல் இரண்டு எழுத்து நாட்டுக்கு, அடுத்த மூன்று ஊருக்கு. சென்னைக்கு INMAA. ஊர்ப் பெயரை மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. குறியீட்டில் மட்டும் மெட்ராஸ் இன்னும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் ஒட்டுகிற சீட்டிலும் அதே MAA-தான். வடக்கே போனால் எண்ணூர், INENR. அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி, INKAT. ஒரே கடற்கரையில் மூன்று குறியீடு. "மேடம், சரக்கு காட்டுப்பள்ளியிலயா எறங்குது? அது எங்கியோ கீதே!" என்று வாடிக்கையாளர்கள் போனில் அலறுவார்கள். "தூரம்தான் சார், என்ன பண்றது" என்று நானும் அவர்களோடு சேர்ந்து வருத்தப்படுவேன். எனக்கும் அந்த இடம் ஐந்து எழுத்தாக மட்டுமே தெரியும். ஒருநாளும் போனதில்லை.

எங்கள் ஆபீஸ் பேச்சே குறியீடுதான். யாராவது மதுரைக்கு லீவு போட்டால் "ஆளு IXM போயிட்டாரு" என்போம், விமான நிலையக் கணக்கில். மதியச் சாப்பாடு வரத் தாமதமானால் "இன்னும் ஆங்கரேஜ்ல நிக்குது" என்போம். ஆங்கரேஜ் என்றால், துறைமுகத்தில் இடம் காலியாகும்வரை கப்பல் நங்கூரம் போட்டுக் கடலில் காத்திருக்கும் இடம். இதை நினைவில் வையுங்கள். நான் மறந்ததால்தான் இந்தக் கதை.

என் தம்பி கன்டெய்னர் கப்பலில் செகண்ட் ஆபீசர். கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று ஒரு கருவியில் தட்டிவிடுவது அவன் வேலைகளில் ஒன்று. அவன் தட்டியது அப்படியே என் போனில் இருக்கும் கப்பல் பார்க்கும் ஆப்பில் வந்துவிடும். நடுக்கடலிலிருந்து அவனால் நினைத்தபோதெல்லாம் பேச முடியாது. அதனால் எங்களுக்கு அந்த ஐந்து எழுத்துதான் அவன் குரல். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தியத் துறைமுகம் என்றால் எப்படித் தொடங்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். "ஒத்தக் குச்சி, பக்கத்துல சாஞ்ச குச்சி வெச்ச ஏணி. அது வந்துச்சா பாரு" என்று காபி குடிக்கும் முன்பே கேட்பார்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தம்பியைத்தான் கேட்பேன். NLRTM என்று எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன், ராட்டர்டாம். அங்கே என்னடா பார்த்தாய் என்றால், "மழ. ஹார்பர் வேலி. மாலுமிங்க சங்கத்துல ஒரு கம்பளிக் குல்லா சும்மா குட்த்தாங்க" என்றான். துபாய் பக்கம் ஜெபல் அலி? "வெயிலு. வேலி." உலகம் சுற்றுகிறவன் என்று சொந்தக்காரர்கள் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவனோ, "எல்லா ஊரும் நம்ம எண்ணூரு மாதிரிதான்கா கீது, டீ மட்டும் வேற" என்பான்.

என் கல்யாணத்தன்று அவன் BRSSZ-இல் இருந்தான். பிரேசில் நாட்டு சாண்டோஸ். அவன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தி மகன் நின்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டான். மறுநாள் போனில் தம்பி அழுத அழுகையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அதனால் எனக்குப் பெண் பிறந்ததும் முதல் போனிலேயே சொல்லிவிட்டான்: "யக்கா, காது குத்தறப்ப என் மடிதான். வேற எவன் மடியிலயாவது உக்கார வெச்ச, அப்பறம் உன்கூடப் பேச மாட்டேன்." தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். இது அவனுடைய உரிமை, எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

குழந்தைக்குப் பதினொன்றாம் மாதம். அதை விட்டால் மூன்று வயது வரை காத்திருக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அந்த நேரம் பார்த்து ஆப்பில் குச்சியும் ஏணியும் வந்தன: கொழும்பிலிருந்து INMAA. அம்மா காபியைக் கீழே சிந்திவிட்டார். ஜோசியர் இரண்டு மூன்று நாள் குறித்துக் கொடுத்தார். நானும் என் ஆபீஸ்காரர்களும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று, கப்பல் வருகையை ஒட்டி வந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். மண்டபம்கூட யோசித்துத்தான் பிடித்தேன். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில், திருவொற்றியூர் கடற்கரையோரம். கப்பலை எங்கே கட்டினாலும் ஆட்டோ பிடித்து ஓடி வந்துவிடலாமே!

கப்பல் வருகிற நேரம் வேறு, கரையில் கட்டுகிற நேரம் வேறு. இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டையே தேய்ந்திருக்கிறது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அதே தொழிலில் ஊறியவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமன் வருகிறான் என்ற சந்தோஷம் எங்கள் எல்லோர் மூளையையும் கழற்றி வைத்துவிட்டது.

விசேஷத்தன்று காலை கப்பல் சொன்னபடி வந்தது. வந்து, ஆங்கரேஜில் நின்றது.

குழந்தைக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியாயிற்று. பத்தர் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். பிரியாணி தம்மில் இருந்தது. தம்பி போன் செய்தான். கரையை நெருங்கிவிட்டதால் சிக்னல் தெளிவாக இருந்தது. "யக்கா, மண்டபம் எனக்குத் தெரியுது! மாடிக்கு வா!" எல்லோரும் மாடிக்கு ஓடினோம். எதிரே கடலில் கப்பல்கள் நின்றன. "நீலக் கலர், இடதுபக்கம் கடைசி. நான் துண்டு ஆட்டிகினு கீறேன், பாரு!" அத்தனை தூரத்தில் கப்பலே தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஆனால் அம்மா மட்டும், "தோ, ஆட்டறான் பாரு, எளச்சிட்டான்" என்றார். சொந்தம் மொத்தமும் சேலைத் தலைப்பையும் கர்ச்சீப்பையும் ஆட்டியது. என் மகளைத் தூக்கிக் காட்டினேன். அவள் காக்காயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் கட்டிவிடுவார்கள், சாயங்காலம் நல்ல நேரத்துக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டோம். பந்தி நடந்தது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எலும்பைக் கடித்தபடியே என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, உன் தம்பி நீந்தியாவது வருவானா?"

கை கழுவிவிட்டு ஆப்பைத் திறந்தேன். INMAA இல்லை. அந்த இடத்தில் INKAT இருந்தது.

சென்னையில் இடம் கிடைக்காமல் கப்பலைக் காட்டுப்பள்ளிக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது வாரம் தவறாமல் நடப்பதுதான். ஆனால் இந்த முறை அந்த எழுத்தைத் தட்டியது என் தம்பியின் விரல். மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்: "அய்யே, கப்பல் கெளம்புது! மாமன் ஓடறாண்டோய்!" மேலே போனால் நிஜமாகவே நீலக் கப்பல் மெதுவாக வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சற்று முன் வரவேற்று ஆட்டிய அதே கர்ச்சீப்புகளை எங்கள் ஆட்கள் இப்போது வழியனுப்புவதுபோல் ஆட்டினார்கள். சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

தம்பி பேசினான். குரல் இறங்கியிருந்தது. "சாயங்காலம் கட்டிருவோம்கா. எனக்கு டூட்டி முடிஞ்சி நடுவுல கொஞ்ச நேரம் கெடைக்கும். கேப்டன் வெளிய வுடறேன்னிட்டாரு. ஆனா அங்கேர்ந்து திருவொற்றியூர் வந்து திரும்ப முடியாது. லாரி நிக்கிற நிப்புல போவவே நேரம் பூடும்." பிறகு சொன்னான், "சித்தி பையன் மடியிலயே வெச்சிடு யக்கா. பரவால்ல." பரவாயில்லை என்று அவன் சொன்ன விதத்தில் ஒரு பரவாயில்லையும் இல்லை.

சித்தி மகன் பாவம், வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்காரத் தயாரானான். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்க மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள்.

அண்ணிதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காலையிலிருந்து என்னைக் கிண்டல் செய்த அதே அண்ணி. "இன்னா எல்லாம் பேஜாரு புடிச்ச மாதிரி நிக்கிறீங்க? மாமன் வர முடியலன்னா காது அங்க போவட்டும். வேன எட்றா!" பத்தரைத் திரும்பிப் பார்த்தார். பத்தர் ஏற்கெனவே கம்பியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னாம்மா, காது எங்க கீதோ அங்க வேல" என்றார்.

வேனில் மணைப்பலகை, ஆரத்தித் தட்டு, வாழைப்பழத் தார், பிரியாணித் தூக்கு, அதற்கு மேல் ஆட்கள். மணலி தாண்டி, வல்லூர் தாண்டி, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி போனோம். இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரிகள். அவற்றின் மேலிருந்த பெட்டிகளில் பாதி, நான் பத்திரம் போட்டுக் கொடுத்தவர்களின் சரக்காகக்கூட இருக்கலாம். வழியெல்லாம் அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "இதுதான் அந்த எழுத்தா? இதுதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

துறைமுக வாசலுக்கு எதிரே, தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். லாரி டிரைவர்கள் டீ கிளாஸோடு கூட்டம் கூடிவிட்டார்கள். சூரியன் சாயும் நேரத்துக்கு வாசலில் ஒரு ஆரஞ்சு உடை தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அவன் ஓடி வந்தான். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கப்பல் உடுப்போடு என் எதிரே வந்து நின்று, குழந்தையைப் பார்த்தான். தொடப் பயந்தான்.

எனக்கும் பயம்தான். புது முகம் கண்டால் ஊரைக் கூட்டுகிறவள் என் மகள். அவளுக்குத் தெரிந்த மாமன் போனுக்குள் உள்ளங்கை அளவு இருப்பவன். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பிலேயே அவன் மடிக்குப் போய்விட்டாள்.

அவன் பையிலிருந்து ஒரு குட்டித் தோடு எடுத்தான். போன பயணத்தில் SGSIN-இல், சிங்கப்பூரில், கிடைத்த ஒரு மணி நேரத்தில் வேலியைத் தாண்டி வெளியே போய் வாங்கி வந்தது. பத்தர் குழந்தையின் வாயில் சர்க்கரை வைத்தார். கம்பி இறங்கியதும் குழந்தை வீறிட்டாள். அவளைவிடச் சத்தமாக என் தம்பி அழுதான். "யோவ் மாமா, உனக்கா குத்தினாங்க?" என்று ஒரு டிரைவர் கேட்க, கூட்டம் சிரிக்க, இன்னொருவர் ஓடிப்போய்த் தன் லாரியில் ஹாரனை அழுத்தினார். அதைக் கேட்டு வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் அழுத்தின. இப்படி ஒரு மேளம் எந்த மண்டபத்தில் கிடைக்கும்? அண்ணி ஆரத்தி எடுத்தார். மிச்சப் பிரியாணி டிரைவர்களுக்குப் போயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, என் கல்யாணத்தன்றுகூட.

கப்பலுக்குத் திரும்பும் நேரம் வரும்வரை அவன் பெஞ்சை விட்டு எழவில்லை. என் மகள் அழுது களைத்து அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். கடைசியில் நான்தான் மெதுவாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்ததும் முதல் போன். ஒரு புது வாடிக்கையாளர், எடுத்த எடுப்பிலேயே அலறினார்: "மேடம், சரக்கு காட்டுப்பள்ளின்னு போட்டுக்கீது! அது எவ்ளோ தூரம்!"

"பக்கம்தான் சார்," என்றேன். "எங்க வீட்டு விசேஷமே அங்கதான் வெச்சோம்."