சயாம் தாய்லாந்து ஆன வருஷம்

தாய்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டுக்கு ஒரே தடவையாகப் பெயர் வைத்துத் தொலைத்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. 1939இல் சயாமைத் தாய்லாந்து ஆக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் பழையபடி சயாம் என்றார்கள். பிறகு 1949இல் மறுபடியும் தாய்லாந்து. அது 1948 என்று அடித்துச் சொல்கிற புத்தகங்களும் உண்டு. இதை வைத்துத்தான் அரசு வேலைக்கான தேர்வில் ஒரு கேள்வி வந்தது: சயாம் எந்த ஆண்டு தாய்லாந்து எனப் பெயர் மாறியது? கொடுத்திருந்த நான்கு விடைகளில் முப்பத்தொன்பதும் இருந்தது, நாற்பத்தொன்பதும் இருந்தது.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சார்ஜர் போர்டு சோதிக்கும் லைனில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அடுத்து நின்றவள் வடக்குப்பட்டுக்காரி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவள். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். எங்கள் பேட்சுக்கு இனி நீட்டிப்பு கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பினால் அம்மா மடியில் இருக்கிற பீடி சுற்றும் தட்டு என் மடிக்கு வரும். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். வேலை கிடைத்தால் மட்டும் கல்யாணம் தள்ளிப்போகும். அந்தத் தேர்வை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

லைனுக்குள் போனோ பேப்பரோ கொண்டுபோக முடியாது. அதனால் பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். உலக நாடுகளும் வரலாறும் எனக்கு, அரசியலமைப்பும் அறிவியலும் அவளுக்கு. அவரவர் பங்கைப் படித்துவந்து, ஒரு போர்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் மாஸ்க்குக்குள்ளேயே மற்றவளுக்குச் சொல்லிவிட வேண்டும். நீட்டி முழக்க நேரமே இருக்காது. சயாம் வந்த அன்று "சயாம், தாய்லாந்து, முப்பத்தொம்பது" என்றேன். அவளும் மூன்று தடவை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டாள். மீதிக் கதை என்னோடு தங்கிவிட்டது.

தேர்வில் அவள் யோசிக்காமல் முப்பத்தொன்பதின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். நான் யோசித்தேன். நடுவில் பழைய பெயருக்குப் போய்விட்டார்களே, கடைசியில் நிலைத்த பெயர்தானே கணக்கு என்று நாற்பத்தொன்பதைக் கறுப்பாக்கினேன். விடைகளை வெளியிட்டபோது முப்பத்தொன்பது என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு நான் சொன்னது சரி, எனக்கு நான் சொன்னது தப்பு. இந்தக் கொடுமையை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

எவ்வளவு எடுத்தால் வேலை நிச்சயம் என்று கோச்சிங் சென்டர்களில் ஒரு கோடு போட்டுச் சொன்னார்கள். அவள் சரியாகக் கோட்டின் மேல் நின்றாள். நான் ஒரே ஒரு கேள்வி கீழே. விடை தப்பென்று நினைப்பவர்கள் ஆதாரத்தோடு எழுதலாம் என்று அவகாசம் கொடுத்திருந்தார்கள். போன் குழுக்களில் முப்பத்தொன்பது கட்சியும் நாற்பத்தொன்பது கட்சியும் அடித்துக்கொண்டன. ஒருவரும் அந்த நாட்டை மேப்பில்கூடத் தேடிப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அதன் பெயருக்காக உயிரை விட்டோம்.

கேன்டீனில் அவள் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எய்தப் போறியா?"

"எழுதாம என்னட்டி செய்யச் சொல்லுத?"

"உன்ன மாரி நாப்பத்தொம்போது போட்டவங்க அல்லாரும் மேல ஏறிடுவாங்க. நான் கோட்டு மேல நின்னுகினு கீறேன்டி. லேசா தள்ளுனாலே வியுந்துருவேன்."

"நான் எழுதலன்னா மத்தவங்க சும்மா இருப்பாவளா?"

"மத்தவங்கள எனக்குத் தெரியாது. உன்னத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூருக்கு பஸ் ஏறி, அங்கே நூலகத்தில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அழுதுகொண்டே அனுப்பினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய். வெறியோடுதான் அனுப்பினேன். அந்த நேரத்தில் யாரை வேண்டுமானாலும் தள்ளியிருப்பேன். அதில் தப்பிருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு விடையும் சரி, எதைக் குறித்திருந்தாலும் மதிப்பெண் உண்டு என்று முடிவு வந்தது. ஹாஸ்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். மறுநாள் லைனில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. போர்டை எடுத்தாள், வைத்தாள்.

பட்டியல் வந்தபோது அவள் எண் அதில் இல்லை. என் எண்ணும் இல்லை. எனக்கு ஏறிய அந்த ஒரு மதிப்பெண் என்னைப் போன்ற எல்லாருக்கும் ஏறியிருந்தது, கோடும் கூடவே ஏறிப்போயிருந்தது. அந்த ஒரு கேள்வியால்தான் அவளுக்குப் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ்வளவு படித்ததும் வீண், அவளைப் பகைத்துக்கொண்டதும் வீண்.

கான்ட்ராக்ட் முடிந்த அன்று லாக்கர் அறையில் நீலக் கோட்டைக் கழற்றி ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் நானும் திருப்பித் திட்டலாம் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"நீ போட்டதும் சர்தான், நான் போட்டதும் சர்தான்னு சொல்ட்டாங்க. அப்பறம் ஏன்டி ரெண்டு பேரும் வெளிய போறோம்?"