ஆணி அடிக்காத தட்டி

இடது கை சைக்கிள் டியூபின் ஒரு முனையை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த கத்தி அதை நீளவாக்கில் கீறிக்கொண்டு போனது. விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, பிறகு அதே அகலத்தில் இன்னொன்று. கொஞ்சம் கோணினாலும், இறுக்கும்போது அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். அதனால் கைகள் அவசரப்படவில்லை.

"பட்டம் வாங்கின புள்ள பஞ்சர் கடைக்காரன் மாதிரி உக்காந்திருக்கு. கொழும்புல டியூப் கெடைக்காதா?" என்றாள் அம்மா.

"டியூப் கெடைக்கும்மா. அப்பாவோட கத்தி கெடைக்காதே."

அது ரப்பர் பால் வெட்டும் கத்தி. சனிக்கிழமை பால் வெட்டிவிட்டு வந்த பழனியப்பன் அதை மகளிடம் கொடுத்துவிட்டு, பாக்கு மரத்தைப் பிளந்து சலாகை சீவிக்கொண்டிருந்தார். கேகாலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் முன்னால் தகரம் இறக்கிய இஸ்தோப்புத் திண்ணையில் மூன்று பேரும் ஒரே வேலையில் இருந்தார்கள். அம்மா தடித்த கறுப்புத் துணியை இரண்டாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் துஷ்யந்திக்கு வேண்டியிருந்தது கொழும்பில் அரை அறை.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பரிமளம் ஆன்ட்டி வீட்டு மேல்மாடி அறையில் சர்மிளாவோடு பங்கு போட்டுத் தங்கியிருந்தாள். சர்மிளா கல்யாணம் முடித்துப் போனதும் முழு வாடகையும் அவள் தலையில் விழுந்தது. அதைக் கட்டினால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. வேறு அறை பார்க்கப் போனால் கேட்ட முற்பணத்துக்குத் தோட்டத்தில் ஒரு பசு வாங்கலாம். ரம்புக்கனையிலிருந்து தினமும் ரயிலில் போய்வரலாம் என்றால், அந்த ரயிலைப் பிடிக்கத் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. வேலையை விட்டுவிட்டு வருவது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அப்போதுதான் ஸபியா வந்தாள். மாவனெல்லைக்காரி, தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதி. எப்போதும் இரவு வேலை. அறையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"பகல்லதான் நான் தூங்கணும், துஷி. இந்த வெளிச்சத்துல ஏலாது."

"நடுவுல தட்டி போட்டா?"

ஸபியா யோசிப்பதற்குள் பரிமளம் ஆன்ட்டி வாசலிலிருந்தே சொல்லிவிட்டார்: "என்ரை சுவரிலை ஒரு ஆணியும் ஏறக்கூடாது, பிள்ளை. முந்தி இருந்ததுகள் போட்ட ஓட்டையளை அடைச்சு அடைச்சு நான் களைச்சுப் போனன். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் பாப்பன். பிறகு அறையைக் கேட்ட கொம்பனிக்குக் குடுத்துடுவன்."

ஆணி கூடாது என்றதும் துஷ்யந்திக்குப் பாதிக் கவலை போய்விட்டது. லயத்தில் யார் ஆணி அடித்தார்கள்? பழைய சுவர் ஆணியைத் தாங்காது; தாங்கினாலும் லயம் தோட்டத்துச் சொத்து, கேட்டுத்தான் அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டித்தான் நிறுத்துவார்கள். அவள் ஏ லெவல் பரீட்சைக்குப் படித்த காலத்தில் காம்பராவின் குறுக்கே அப்படி ஒரு தட்டி நின்றது. ஒரு பக்கம் அவளும் விளக்கும். மறுபக்கம், விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போக வேண்டிய அப்பாவின் தூக்கம்.

ஞாயிறு காலை சலாகைக் கட்டோடு ரம்புக்கனையில் ரயில் ஏறினாள். புறப்படும் ஸ்டேஷன் என்பதால் ஆசனங்களுக்கு அடியில் நீட்டிப் போட இடமிருந்தது. அதைப் பார்த்த கார்ட், "என்ன நங்கி, கொழும்புக்கு வீடு கட்டவா போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீடு இல்ல ஐயா, அரை வீடு," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். பெட்டி சிரித்தது.

மத்தியானம் அறையின் நடுவில் முதல் சலாகையை நிமிர்த்தினாள். மேற்கூரையின் பெயின்ட் உரசாதபடி ஒரு விரற்கடை குறைத்து அளவாக வெட்டி வந்திருந்தாள். ரப்பர் பட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, கட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். கை வழவழப்பான வெள்ளைக் கொங்கிரீட்டைத் தடவியது.

கட்டுவதற்கு வளைமரம் இல்லை. லயத்தில் தலைக்கு மேல் எப்போதும் ஒரு மரம் ஓடும். தட்டியை அதோடு சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது. ஒரு வருஷம் இந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தும், அங்கே மரம் இல்லை என்பது அவள் மனதில் ஏறவே இல்லை.

"என்ன பிள்ளை, மேலை பாத்துக்கொண்டு நிக்கிறீர்?" பரிமளம் ஆன்ட்டி வந்துவிட்டார்.

"ஒங்க வீட்டுல வளை இல்லீங்க ஆன்ட்டி."

"கொங்கிரீட் பிளேட் போட்ட வீட்டுக்கு என்னத்துக்கு வளை? நல்ல பிள்ளை நீர்!" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கொம்பனிக்காரன் இப்ப ரெலிபோன் எடுப்பான். நான் என்ன சொல்ல?"

துஷ்யந்தி கீழே இறங்கி, சாய்ந்த சலாகையைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பாள் என்பது அந்த விரற்கடை இடைவெளியில் இருந்தது. மேலே பிடிக்க ஒன்றுமில்லை. கீழே? மாரி மழையில் இஸ்தோப்புத் தூண் இறங்கிவிட்டால் தூணை யாரும் மாற்றுவதில்லை. அடியில் ஆப்பை வைத்து இறுக்குவார்கள்; தூண் தானாகப் போய்த் தகரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, சமையல் கத்தியால் துண்டு துண்டாக வெட்டினாள். சலாகையின் தலையில் ஒரு துண்டு, தரையில் ஒரு துண்டு. மிச்சச் சலாகையில் ஆப்புகளைச் சீவினாள்.

"ஆன்ட்டி, அம்மிக் குழவியக் கொஞ்சம் தர்றீங்களா?"

"ஆணியோ அடிக்கப் போறீர்?"

"ஆணியே இல்லீங்க. நீங்களே நின்னு பாருங்க."

எதிரும் புதிருமாக வைத்த ஆப்புகளைக் குழவியால் மெதுவாகத் தட்டினாள். சலாகை ஏறிக் கூரையில் பொருந்தி நின்றது. மற்றவற்றையும் அப்படியே நிறுத்தி, குறுக்குச் சலாகைகளை ரப்பர் பட்டையால் இறுக்கினாள். பரிமளம் ஆன்ட்டி முதலில் ஒரு விரலால் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"உது அசையேல்லை," என்றார். சுவர் முழுக்கக் கண்ணை ஓடவிட்டார். கீழே தொலைபேசி அடித்தது. இறங்கிப் போனவரின் குரல் படியேறி வந்தது: "இல்லைத் தம்பி, அறை குடுத்தாச்சு. ரெண்டு பிள்ளையள் இருக்கினம்."

துஷ்யந்தி வெறுங்காலோடு தரையில் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளைகள் என்று பன்மையில் கேட்டது எவ்வளவு நன்றாக இருந்தது! பிறகு எழுந்து, அம்மா தைத்த துணியைத் தொங்கவிட்டாள். ஜன்னல் அவள் பக்கம் நின்றது; மறுபக்கம் இருட்டியது.

வேலைக்குப் போகும் வழியில் ஸபியா தலையணையோடு வந்து நின்றாள். "என்ன துஷி, செருப்பு எங்க?"

"கூரையத் தாங்குது. உள்ள போய்ப் பாருங்க."

ஸபியா உள்ளே போனாள். துணியைச் சேர்த்துப் பிடித்தாள் துஷ்யந்தி.

"யா அல்லாஹ்! என்ட கையே எனக்குத் தெரியல்லயே!"

"தூக்கம் வருமா?"

"இப்பவே வருது. வேலைக்குப் போகணுமே."

துஷ்யந்தி சிரித்துக்கொண்டே துணியின் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றை உள்ளே நீட்டினாள். "இழுத்துக் கட்டினா மூடும், அவுத்தா தெறக்கும். புடிங்க, இது ஒங்க பக்கம்."

ஸபியா கயிற்றை வாங்கி, உள்ளிருந்து இழுத்து மூடினாள்.