குவாரிக்குள் ஓடிய தண்ணீர்

நனைந்த கருங்கல்லின் வாசம்... காற்றே இல்லாத ஒரு மத்தியானம்.

எண்பதுகளின் நடுவில், கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். எங்களிடம் ஆளுயரக் குழாய் போல ஒரு கருவி இருந்தது. கேபிளைத் தளரவிட்டால் தண்ணீருக்குள் நேராக இறங்கும். தண்ணீர் எங்கெங்கே சுழித்துக் குழம்புகிறது என்பதை அதன் நுனியிலிருக்கும் ஊசி உணரும். கரையில், ஓடும் காகிதத்தில் பேனா அதை வரையும்.

கப்பலில் ஏற்றுமுன் அசையாத தண்ணீரில் சோதிக்க வேண்டும். சாணார்பட்டிப் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டத்தை ஒட்டி, வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று நிறைந்து கிடந்தது. எங்கள் விஞ்ஞானி மேடத்தை நான்தான் அங்கே அழைத்துப் போனேன்.

முதலில் பேனா நேர்கோடு போட்டது. பாதி ஆழம் தாண்டியதும் படபடவென்று நடுங்கியது. இழுத்து மறுபடி விட்டோம். அதே ஆழம், அதே நடுக்கம். அடுத்த முறை கேபிள் பக்கவாட்டில் சாய்ந்து போய்... எங்கோ சிக்கிக்கொண்டது.

அக்கா வீட்டுக்காரர் பெரிய நீச்சல்காரர். எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துண்டை இடுப்பில் இறுக்கினார்.

“செத்த நேரத்துல எடுத்துட்டு வாரேன் மாப்ள.”

பேனாவைப் பார்த்தேன். கருவி நின்றுவிட்டால் அதுவும் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. கூடியும் குறைந்தும்... யாரோ மூச்சு விடுவது போல. மேலே ஒரு சிற்றலைகூட இல்லை.

“இறங்காதீங்க மச்சான். கருவி நிக்குது. கீழ தண்ணிதான் ஓடுது.”

இந்தக் குழிக்குள் தண்ணீர் ஓட ஏது இடம் என்று சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அக்கா அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையைப் பிடித்தாள். மேடம் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேபிளை வெட்டச் சொன்னார்.

அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியது. பாறைச் சுவரில், மாடு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் வாயில் குறுக்காக மாட்டிக் கிடந்தது எங்கள் கருவி. மச்சான் டார்ச் அடித்துப் பார்த்தாராம். முடிவே தெரியவில்லை. ஊரே வறண்டு கிடந்தபோதும் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதாம்.

“நான் போயிருந்தா என்னைய எங்கிட்டுத் தேடியிருப்பீக?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை.

இப்போது கடலில் கருவிகள் தாமாகவே இறங்கி ஏறி, சாட்டிலைட் வழியாகக் கணக்கை அனுப்புகின்றன. ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கலாம். குவாரிக்கும் கம்பிவேலி வந்துவிட்டது.

மச்சானின் பேரப்பிள்ளைகள் திண்டுக்கல்லில் காசு கட்டி நீச்சல் படிக்கிறார்கள். அவரும் கூடவே போகிறார். நீலத் தொட்டியின் கரையில் உட்கார்ந்து, அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறார்...