நல்ல மீன் தேடிக் கடப்பாக்கம் வரை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். காரை ஓட்டியது என் தம்பி முரளி. கனடாவில், கடலே எட்டாத ஒரு ஊரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவனுக்குத் திங்கட்கிழமை விமானம். வந்த நாளெல்லாம் உறவினர் வீடுகளிலும் பாங்க் வாசலிலும் கழிந்துவிட்டது.

"கடல் பக்கம் உட்கார்ந்து ஒரு நல்ல மீன் சாப்பாடு சாப்பிடாம போனா மனசே ஆறாதுக்கா. அங்க ஐஸ்ல வெச்ச மீன் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்றான்.

நான் துணைக்குத்தான் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் எனக்கு வாசனை தெரியாமல் போனது. வாசனையோடு ருசியும் போயிற்று. உப்பு, உறைப்பு, புளிப்பு மட்டும் தெரியும். மீன் எனக்கு ஈரத்துணி மாதிரிதான். எல்லாம் திரும்ப வந்துவிட்டதாக முரளி நினைத்துக்கொண்டிருந்தான். அவன் லீவைக் கெடுக்க வேண்டாமென்று நானும் திருத்தவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். கடற்கரைக்குப் போகும் தெரு முழுக்க மீன் ஓட்டல்கள். வாசல்தோறும் பெரிய இறால் படம் போட்ட போர்டு. மாடியிலிருந்து கடல் தெரியும் ஓர் ஓட்டலில் ஏறினோம். சர்வர் ஒரு தட்டில் பச்சை மீன்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

"சார், வஞ்சிரம் காலைல வந்தது. தவாவுல போட்டுத் தரட்டுமா?"

துண்டு நானூறு ரூபாய். இரண்டு சொன்னோம். வந்ததும் முரளி ஒரு வாய் வைத்தான். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடா. மசாலா சரியா பிடிச்சிருக்கு."

முக்கால் துண்டு முடித்திருந்தேன். அவன் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, இது பழைய மீன். கெட்டுப்போச்சு."

அவன் சர்வரைக் கூப்பிட்டுத் தட்டுகளை எடுத்துப் போகச் சொன்னான். சண்டை போடவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டான்.

"அப்ப இன்னும் வரவே இல்லியா?"

"இல்லடா."

"எதுவுமே?"

எதுவும் இல்லை என்று சொன்னேன். பால் தீய்ந்து சமையலறை புகையானபோது பக்கத்து வீட்டம்மா வந்துதான் அடுப்பை அணைத்தார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. என் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மேலே சாய்வாள். குழந்தையின் கழுத்தில் ஒரு வாசனை இருக்குமே, அதைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன். வெறும் காற்றுதான் வரும். இதை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

முரளி வண்டியைச் செங்கல்பட்டுப் பக்கம் திருப்பவில்லை. தெற்கே விட்டான்.

"உன் மூக்குக்கு எட்டற மாதிரி மீன் எங்கியாவது இருக்கும். பாக்கலாம்" என்றான்.

சதுரங்கப்பட்டினம் திருப்பத்தில் ஓர் அம்மா சாக்கு விரித்துக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். முரளி ஒரு கை நெத்திலிக் கருவாட்டை அள்ளி என் மூக்கருகே பிடித்தான். நான் ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தேன்.

"இன்னாம்மா, சளி புடிச்சிக்கீதா?" என்றார் அந்த அம்மா.

"ரெண்டு வருஷமா வாசனையே தெரியலம்மா."

"எனுக்கு அப்டி ஆனா நல்லாருக்கும். வூட்டுக்குப் போயி எத்தினி சோப்பு போட்டாலும் இந்த நாத்தம் போவ மாட்டேங்குது."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். கால் கிலோ வாங்கிக்கொண்டு கல்பாக்கம் தாண்டினோம். ஒரு மெஸ்ஸில் மீன் தீர்ந்திருந்தது. இன்னொன்றில் குழம்பு மட்டும் இருந்தது. முரளி ஒரு சொட்டு நக்கிப் பார்த்து வேண்டாமென்றான். பாலாற்றுப் பாலம் கடந்து, உப்பளங்கள் கடந்து, மாமல்லபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல வந்தபோது மணி இரண்டரை. கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால், இடிந்த ஆலம்பரைக் கோட்டைச் சுவரும் அதன் கீழே கழிமுகமும்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டோம்.

"செல்வி கடைக்குப் போ அண்ணாத்த. அதோ, நீல ஷீட்டு போட்டுக்கீது பாரு."

போர்டு இல்லை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு விறகடுப்பு. செல்விக்கு என் வயதுதான் இருக்கும்.

"கொடுவா கீது, நண்டு கீது. இப்பதான் வந்துச்சு. வறுக்க நேரமாவும், குந்துங்க."

கழிமுகத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். தண்ணீர் இறங்கி, மணல்திட்டுகள் தெரிந்தன. முரளியின் அடுத்த வருகை எப்போது என்று நான் கேட்கவில்லை, அவனுக்கும் தெரியாது.

அப்போது ஏதோ தீய்கிற மாதிரி இருந்தது. காரைத் திரும்பிப் பார்த்தேன்.

"முரளி, டயர் எதுனா எரியுதா பாரு. ரப்பர் தீயற நாத்தம் வருது."

அவன் எழுந்தான். இரண்டடி வைத்து நின்றான்.

"டயர் இல்லக்கா. மீன் வறுபடுது."

எனக்கு உடனே புரியவில்லை. திரும்ப வரும்போது வாசனைகள் தப்புத் தப்பாகத்தான் முதலில் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். கிட்டே போகப் போக நாற்றம் கூடியது.

"இன்னாது, என் மீனு டயரு மாதிரி நாறுதா?" செல்வியின் முகம் மாறியது.

முரளி விஷயத்தைச் சொன்னான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"அப்ப நல்லா இஸ்துக்கோ. டயரோ இன்னாவோ, வருது இல்ல."

புகையில் கண் எரிந்தது. புகையால் மட்டுமல்ல.

மாங்காய் போட்ட மீன் குழம்பை முரளி மூன்று முறை வாங்கினான். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு விளக்கம் சொன்னான்: மல்லி வறுத்து அரைத்திருக்கிறது, பூண்டு தோலோடு இடித்துப் போட்டது, மீனில் லேசாக இனிப்பு இருக்கிறது. நான் இரண்டு துண்டு வறுவலைக் கரிந்த ரப்பர் ருசியோடு முழுசாகச் சாப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் ருசி என்று ஒன்று இருந்த முதல் சாப்பாடு அது.

திங்கட்கிழமை அவன் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு செங்கல்பட்டு மார்க்கெட்டில் சங்கரா வாங்கி வந்து வறுத்தேன். வாசனை பிரமாதம் என்று மகள் சமையலறைக்கு வந்தாள். எனக்கு அதே டயர் நாற்றம்தான். அதுவும் வெளியே போய்விடாமல் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் முரளி போன் செய்தான்.

"என்னக்கா பண்ற?"

"மீன் வறுக்கறேன்."

"வருதா?"

"வருதுடா. நல்லா வருது."



"இவ்ளோ தூரத்துல எனக்கு ஒண்ணுமே வரலக்கா" என்றான்.

போனை வாணலிக்குப் பக்கத்தில் பிடித்தேன். துண்டுகளைத் திருப்பிப் போட்டு, எண்ணெய்ச் சத்தம் அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.